திருச்சிராப்பள்ளிச் சாம்பலும் குடியாத்தத்து முறமும்

1

காட்பாடியில் ரயிலேறி ஜோலார்பேட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு ஆம்பூர் வந்துவிட்டதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். தோல் ஷாப்புகளின் வாசனை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையில் நீளும் இந்த ஊர்களைப் பற்றி எழுத வருகிற யாரும் அந்த வாசனையில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருக்கிறது. அது ரயிலடிவரைக்கும் வராது. குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர்ப் பக்கத்துச் சந்துகளுக்குள் நுழைந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குப் பக்கத்தில் போனால்தான் பிடிபடும். காய்ந்த புகையிலைத் தூளின் காரநெடி. புதிதாக வருகிறவர்களுக்குத் தும்மல் வரும். அந்த வீட்டுக்காரர்களுக்கு அது வீட்டு வாசனை, அவ்வளவுதான்.

அந்த முறத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். நனைத்துப் பதமாக்கிய பீடி இலை, அதை வெட்ட ஒரு கத்தரி, அளவுக்கு ஒரு தகரத்துண்டு, நூல், தூள். இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் கோடைக்காலத்தில் பெரும்பாலும் பழங்குடி மக்கள் பறித்துக் கட்டியது. தூள் குஜராத்தில் ஆனந்த், கேடா பக்கமோ, கர்நாடக மகாராஷ்டிர எல்லையில் நிப்பாணியைச் சுற்றியோ விளைந்தது. சுற்றுகிற கை மட்டும் வேலூர் மாவட்டத்தினுடையது. கால் கிராம்கூடத் தேறாத தூளைச் சுமக்கும் ஒரு பீடிக்குள் இத்தனை நிலம் இருக்கிறது.

இதே கணக்கை ஒரு பிரீமியம் சிகாருக்குப் போட்டுப் பாருங்கள். மேலே சுற்றிய இலை ஈக்வடார், அதற்கடியில் இறுக்கிப் பிடிக்கும் இலை இந்தோனேசியா, உள்ளே நிரப்பிய இலை நிகராகுவாவும் டொமினிக்கன் குடியரசும். இதைப் பெட்டியிலேயே பெருமையாக அச்சடிப்பார்கள். வாங்குகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பார். மண்ணின் பேர்தான் அங்கே பாதி விலை. பீடிக்கட்டில் எந்த மண்ணின் பேரும் இருக்காது. முதலாளியின் படமோ ஒரு எண்ணோ இருக்கும். 2016இலிருந்து கட்டின் பெரும்பகுதியை எச்சரிக்கைப் படம் எடுத்துக்கொண்டுவிட்டது.

சிகாருக்கு ஊர் இருக்கிறது, பீடிக்கு இல்லை. இதைப் பணக்காரன் புகை, ஏழை புகை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து ஒரு ஊர்ப்பேர், உலகம் முழுக்கப் புகையாகச் சுற்றிவந்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பேர் எப்படி வந்தது, எங்கே போனது, இருந்தவரைக்கும் அது யாருக்குச் சொந்தமாக இருந்தது என்று தேடிப்போனால், குடியாத்தத்து முறத்துக்கே திரும்பி வரவேண்டியிருக்கிறது.

2

ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று ஒரு சொல் உண்டு. இருபுறமும் வெட்டிய, நுனி கூராக்காத சிகாருக்குப் பேர். அது நம்முடைய ‘சுருட்டு’தான். சுருட்டியது சுருட்டு, இதைவிட எளிதாக ஒரு பொருளுக்குப் பேர் வைக்க முடியாது. யூலும் பர்னலும் சேர்ந்து தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி இந்தச் சொல்லைத் தமிழிலிருந்து வந்ததாகவே பதிவு செய்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழ் அறிந்தவர். அதே அகராதியில் ‘டிரிச்சீஸ்’ என்று தனியாக ஒரு பதிவும் இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் செய்த சுருட்டுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த செல்லப்பேர். வாயில் வைக்கும் முனையில் ஒரு வைக்கோல் துண்டைச் செருகியிருப்பார்கள் என்றும், மலிவானது, முரட்டுத்தனமானது, ஆனால் பழகியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றும் அங்கே குறிப்பு சொல்கிறது.

ஒரு வருஷம் கழித்து, 1887இல், ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக அச்சில் வந்தார். ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ நாவலில், கொலை நடந்த லண்டன் வீட்டுத் தரையில் கிடக்கும் சாம்பலைத் திரட்டி எடுக்கிறார். கொலைகாரன் புகைத்தது திருச்சிராப்பள்ளி சிகார் என்கிறார். 1890இல் வந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில், 140 வகைப் புகையிலைகளின் சாம்பலைப் பற்றித் தான் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார். திருச்சிராப்பள்ளியின் கறுத்த சாம்பல் தனித்துத் தெரியும் என்பது அவருடைய கட்சி.

தமிழ் இணையத்தில் இந்தச் செய்தி அடிக்கடி சுற்றும். கூடவே, உறையூர்ச் சுருட்டு சர்ச்சிலுக்குப் போன கதையும் வரும். படித்துவிட்டு நாமும் ‘பார்த்தியா, நம்ம ஊரு!’ என்று ஒருமுறை நிமிர்ந்து உட்காருவோம். நிமிர்வதில் தப்பில்லை. ஆனால் கோனன் டாயில் ஏன் அந்தப் பேரைப் போட்டார் என்று யோசிக்கணும். 1887இல் லண்டனில் கதை படிக்கிற சாதாரண ஆளுக்கு அந்தப் பேர் தெரிந்திருந்தது. பட்டாளத்தில் இருந்து திரும்பிய மாமா, மதராஸில் குமாஸ்தாவாக இருந்த அண்ணன், எவனோ ஒருத்தன் பெட்டியில் அது வந்திருக்கும். ஒரு ஊர்ப்பேர் அடையாளமாக மாற, அந்த ஊருக்கு வெளியே அதைச் சொல்கிற வாய்கள் வேண்டும். திருச்சிராப்பள்ளிக்கு அந்த வாய்களைக் கொடுத்தது அங்கே இருந்த கன்டோன்மென்ட்டும் அப்புறம் வந்த ரயிலும்.

நம்முடைய வாய்களும் சும்மா இருக்கவில்லை. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர்கள் வழியாக இங்கே வந்தது. வந்து இரண்டு நூற்றாண்டுக்குள் அதற்குத் தமிழில் ஒரு புராணமே உருவாகிவிட்டது. சீனிச்சர்க்கரைப் புலவர் ‘புகையிலை விடு தூது’ பாடினார், பின்னால் உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் தூது விட்ட மரபில், பழனி முருகனிடம் ஒரு பெண் புகையிலையைத் தூது அனுப்புகிறாள். மும்மூர்த்திகள் கையில் கொடுத்துவைத்த மூன்று இலைகளில் சிவனுடைய வில்வமும் திருமாலுடைய துளசியும் தண்ணீரோடு போய்விட்டன, பிரமனுடைய இலை மட்டும் ‘போகையிலை’, அதுதான் புகையிலையாயிற்று என்று அதில் ஒரு சிலேடைக் கதையும் வருகிறது. வெளிநாட்டுச் செடிக்குப் பிரமனை அப்பாவாக்கிய துணிச்சலை ரசிக்காமல் இருக்க முடியாது. தூது போன இடம் பழனி என்பதையும் நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டுச் சுருட்டுப் புகையிலையின் உண்மையான நிலம் அந்தப் பக்கம்தான்.

3

திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் இலை பெரும்பாலும் திருச்சிராப்பள்ளியில் விளைந்ததில்லை. திண்டுக்கல் பக்கம் விளைந்தது. ஊசிக்கப்பல், வட்டக்கப்பல், வெள்ளைவாழை என்று இலையின் உருவத்தையும் நிறத்தையும் வைத்து விவசாயிகள் வகைகளுக்குப் பேர் வைத்திருந்தார்கள். உறையூரில் அதைச் சுற்றினார்கள். ஊர்ப்பேர் சுற்றிய இடத்துக்குப் போயிற்று. விளைந்த இடத்துக்குப் போகவில்லை.

ஹவானாவும் அப்படித்தானே என்று கேட்கலாம். ஹவானா நகரத்துக்குள் புகையிலை விளையாதுதான். ஆனால் சிகாரைக் கொஞ்சம் தெரிந்தவர்கள்கூட அந்தப் பேரோடு நிற்கமாட்டார்கள். கியூபாவின் மேற்குக் கோடியில் பினார் தெல் ரியோ மாகாணம், அதற்குள் வுவெல்டா அபாஹோ, அதற்குள் சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்ட்டினெஸ் என்று தோட்டத்தின் வரப்புவரைக்கும் போவார்கள். மணல் கலந்த அந்தச் செம்மண்ணில்தான் உலகின் மிகச்சிறந்த சிகார் இலை விளைகிறது என்பது அந்த உலகத்தின் வேதவாக்கு.

மண் ஏன் அவ்வளவு முக்கியம்? சிகாருக்குள் வேறெதுவும் கிடையாது, இலை மட்டும்தான். உள்ளே நிரப்பும் இலை, அதைக் கட்டிப் பிடிக்கும் இலை, மேலே போர்த்தும் இலை. ஒரே செடியிலேயே உச்சியில் வெயில் குடித்த இலை உரப்பு தரும், நடு இலை மணம் தரும், அடி இலை ஒழுங்காக எரியும். மேலே போர்த்தும் இலையைத் தனியாக, துணிப்பந்தல் போட்டு நிழலில் வளர்ப்பார்கள். நரம்பு தடிக்காமல் மெல்லிசாக, பட்டுப்போல வரும். பறித்த இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்தி, அப்புறம் குவியல் குவியலாகப் போட்டுப் புளிக்க வைப்பார்கள். குவியலுக்குள் தானாகச் சூடு ஏறும், அமோனியா நெடி கிளம்பிப் போகும், இலை சாந்தமாகும். பச்சைத் தோலைப் பதப்படுத்துகிற ஆம்பூர்க்காரர்களுக்கு இதெல்லாம் விளக்கத் தேவையில்லை. அழுகிப்போகக் கூடிய ஒன்றைத் தண்ணீரும் காலமும் கொண்டு அழுகாத ஒன்றாக மாற்றுவது, கடைசியில் விரல் நுனியால் தடவித் தரம் பிரிப்பது: இரண்டு தொழிலுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

தண்ணீரும் கணக்கில் வரும். புகையிலையில் குளோரைடு உப்பு ஏறினால் இலை சரியாக எரியாது, அணைந்து அணைந்து போகும். சாம்பல் உச்சம் பெற பொட்டாஷ் வேண்டும். கொங்கு, திண்டுக்கல் வட்டாரங்களில் உவர்ப்பான கிணறுகள் நிறைய. அந்தத் தண்ணீரில் விளைந்து மேலே உப்புப் பூத்த இலைக்கு மெல்லுகிறவர்களிடம் நல்ல மவுசு. சுருட்டுக்கு அது ஆகாது. பக்கத்துப் பக்கத்துக் கிணறு இரண்டு, ஒன்றின் இலை வெற்றிலைப் பெட்டிக்கும் இன்னொன்றின் இலை சுருட்டுக்கும் போகும். ஒயின்காரர்கள் பிரெஞ்சுச் சொல் போட்டுப் பெருமையாகப் பேசுகிற மண்வாகு இதுதான். நம்முடைய விவசாயிக்கு இது கிணற்றுத் தண்ணியை நாக்கில் வைத்துப் பார்த்தாலே தெரியும். அவனுக்குத் தெரிந்தது பெட்டியில் அச்சாகவில்லை.

பெட்டி யாருடையது? மதராஸ் மவுண்ட் ரோட்டின் ஸ்பென்சர் கம்பெனிக்குத் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. உள்ளே நிரப்ப உள்ளூர் இலை, மேலே போர்த்த ஜாவா, சுமத்ரா இலை என்று கலந்து செய்தார்கள். வெள்ளைக்காரர்களின் கிளப்புகளுக்கும் கப்பல்களுக்கும் சரக்கு போயிற்று. வடக்கே கோதாவரி ஆற்றுத் தீவுகளில், வருஷாவருஷம் வெள்ளம் கொண்டுவந்து போடும் வண்டலில் விளைந்த ‘லங்கா’ புகையிலையும் அதே மதராஸ் மாகாணத்துச் சுருட்டுகளுக்குள் போய்ச் சேர்ந்தது. வாங்குகிறவருக்கு எல்லாம் ஒன்றுதான்: டிரிச்சி, அல்லது மதராஸ்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான் அரசாங்கம் மண்ணைப் பற்றி யோசித்தது. 1947இல் ராஜமுந்திரியில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1948இல் திண்டுக்கல்லுக்குப் பக்கத்து வேடசந்தூரில் சிகார், சுருட்டுப் புகையிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. விஞ்ஞானம் வந்தபோது வாடிக்கையாளர் கப்பலேறிக்கொண்டிருந்தார்.

4

அந்தப் பேர் தேய்ந்ததற்குக் காரணங்கள் பெரிய மர்மம் இல்லை. உலகம் முழுக்க சிகாரைச் சிகரெட் விழுங்கியது. வெள்ளைக்காரர்கள் போனார்கள். உள்ளூரில் சுருட்டுக்குப் பதிலாகப் பீடி வந்தது. மலிவு, சட்டைப் பையில் கட்டாக வைத்துக்கொள்ளலாம், இரண்டு இழுப்பில் வேலைக்குத் திரும்பலாம்.

ஆனால் சிகரெட் கியூபாவுக்கும் வந்தது. வெள்ளைக்கார வாடிக்கையாளரை அதுவும் இழந்தது, இன்னும் மோசமாக. 1960இல் சிகார் தொழிற்சாலைகளைப் புரட்சி அரசு எடுத்துக்கொண்டது. 1962இல் அமெரிக்கா வணிகத் தடை போட்டது. பழைய முதலாளிகள் நாட்டைவிட்டுப் போய் டொமினிக்கன் குடியரசிலும் ஹோண்டுராஸிலும் நிகராகுவாவிலும் கியூப விதையை ஊன்றினார்கள். ஒரே பிராண்டின் பேரை கியூப அரசு ஒரு பக்கமும் வெளியேறியவர்கள் இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகளாக வழக்காடினார்கள். இன்றைக்கும் ஒரே பேரில் இரண்டு நாட்டுச் சிகார்கள் உண்டு. பேருக்காகச் சண்டை போட அங்கே ஆள் இருந்தது. திருச்சிராப்பள்ளி என்ற பேருக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. அது சுற்றியவனுடையதாகவோ விளைவித்தவனுடையதாகவோ எப்போதுமே இருந்ததில்லை, புகைத்தவனுடையதாக இருந்தது. அவன் கிளம்பியதும் பேரும் கிளம்பிவிட்டது.

கிளம்பாத வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. கருப்பசாமிக்கும் முனீஸ்வரனுக்கும் படையலில் இன்றைக்கும் சுருட்டு வைக்கிறோம். மலேசியாவில் தோட்டத்துக்குப் போன தமிழர்கள் முனியையும் கூடவே கூட்டிப்போனார்கள்; அங்கே சாமி வந்து ஆடுகிறவர் வாயில் சுருட்டு புகையும். பீடியையோ சிகரெட்டையோ சாமிக்குக் கொடுத்து ஒப்பேற்றிவிட முடியாது. சாமிக்கு வைத்தால் சுருட்டுதான். ‘பிரீமியம்’ என்ற சொல்லுக்கு நம் கிராமங்களில் இதைவிடச் சரியான விளக்கம் இருக்காது.

5

இதுவரை இலையைப் பற்றியும் பேரைப் பற்றியும் பேசினோம். இனி கையைப் பற்றி.

சிகார் சுற்றுவது நிதானமான, மௌனமான கைவேலை. வாய்க்கும் காதுக்கும் வேலை இல்லை. 1865இல் ஹவானாவில் எல் ஃபிகாரோ தொழிற்சாலைத் தொழிலாளர்கள் அந்தக் காதுக்கு ஒரு வேலை கண்டுபிடித்தார்கள். ஒருவர் மேடையில் உட்கார்ந்து படிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படிப்பவருக்குக் கூலி தொழிலாளர்களே தங்கள் கையிலிருந்து தந்தார்கள். காலையில் பத்திரிகை, அப்புறம் நாவல். அடுத்த வருஷமே காலனி அரசு பயந்துபோய்த் தடை போட்டது. பழக்கம் திரும்பத் திரும்ப வந்தது. மான்டி கிறிஸ்டோ, ரோமியோ ஹூலியட்டா என்று சிகார்களுக்கு இருக்கும் பேர்கள் டூமாவும் ஷேக்ஸ்பியரும் அந்த உலகத்துக்குள் புகுந்ததன் தடயம். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர்கள் நாவலின் பாத்திரங்களுக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அதே பட்டறைகளிலிருந்து தொழிற்சங்கமும் விடுதலை இயக்கத்துக்குப் பணமும் ஆட்களும் வந்தார்கள்.

தமிழில் இதற்கு ஈடான காட்சி யாழ்ப்பாணத்தில் இருந்தது. யாழ்ப்பாணப் புகையிலை நெடுங்காலம் திருவிதாங்கூருக்குக் கடல்கடந்து போன சரக்கு. அந்த இலையை உள்ளூரிலேயே சுற்றி, தென்னிலங்கைச் சிங்கள ஊர்கள்வரைக்கும் போய்ச் சுருட்டுக் கடை போட்டார்கள் யாழ்ப்பாணத்தார். சுற்றிய இடம் சுருட்டுக் கொட்டில். அங்கே ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். செய்தி முடிந்தால் தொடர்கதை. கொட்டிலில் உட்கார்ந்து கேட்டே உலக அரசியலும் இலக்கியமும் பழகியவர்களைப் பற்றி ஈழத்தவர்களின் நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

பீடிக்கும் இது நடந்திருக்கிறது. மலபாரில், கண்ணூர்ப் பக்கத்துப் பீடிப் பட்டறைகளில், ஒருவர் பத்திரிகை வாசிக்க, அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள். அந்த மண்ணில்தான் 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவு பிறந்தது. ஆக, சிகார் உசத்தி, பீடி மட்டம் என்பதில் விஷயம் இல்லை. நான்கு பேர் ஒரே கூரைக்கடியில் உட்கார முடிந்ததா என்பதில்தான் இருக்கிறது. கூரை இருந்த இடத்தில் பேச்சு வந்தது. பேச்சு வந்த இடத்தில் கூலி பற்றிய கேள்வியும் வந்தது.

6

முதலாளிகளுக்கும் இது நன்றாகப் புரிந்திருந்தது.

1929இல் அமைந்த விட்லி ராயல் கமிஷன் 1931இல் அறிக்கை தந்தது. முறைப்படுத்தப்படாத சிறு பட்டறைகளில் ஐந்து வயதுக் குழந்தைகள்கூட வேலை செய்வதை அது பதிவு செய்தது. அந்தப் பட்டியலில் பீடிப் பட்டறைகளும் இருந்தன. பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தையும் அது சொன்னது. அதைத் தொடர்ந்து, குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1933இல் வந்தது. 1958இல் சென்னை மாகாணம் பீடிப் பட்டறைகளுக்கென்று தனிச் சட்டம் போட்டது. சட்டம் இருக்கும் மாநிலத்தைவிட்டு, இல்லாத மாநிலத்துக்குத் தொழில் நகர்ந்தது. பீடிக்கு இயந்திரம் வேண்டாம், கட்டடம் வேண்டாம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதனால்தான் 1966இல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் தேவைப்பட்டது. அதன் பேரே ‘பீடி, சிகார் தொழிலாளர்கள் சட்டம்’. கடைக்காரர் என்றைக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காத இரண்டையும் சட்டம் ஒரே பேரில் உட்கார வைத்தது. கை ஒன்றுதானே!

சட்டம் பட்டறைக்கு வந்தால் பட்டறையைக் கலைத்துவிடுவது அடுத்த வழி. இலையையும் தூளையும் எடை போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பு. சுற்றிய பீடியை எண்ணி வாங்கு. நடுவில் ஒரு ஏஜென்டை வை. முதலாளிக்கும் சுற்றுகிறவருக்கும் சம்பந்தமே இல்லாமல் போகும். வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்ற அந்தச் சட்டத்தின் வரையறையை உச்ச நீதிமன்றம் 1974இல் உறுதிசெய்தது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் சந்துக்குச் சந்து, வாசலுக்கு வாசல் சிதறிக் கிடக்கும் வேலையை எந்த இன்ஸ்பெக்டர் போய்ப் பார்ப்பார்?

வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பீடி இப்படிப்பட்ட வீட்டுப் பீடி. ஆண்கள் தோல் ஷாப்புக்கோ ஷூ கம்பெனிக்கோ மேஸ்திரி வேலைக்கோ போவார்கள். பெண்கள் சமையலுக்கும் துணிக்கும் நடுவே முறத்தை எடுப்பார்கள். இஸ்லாமியப் பெண்கள், தலித் பெண்கள், வேறு வேலைக்கு வெளியே போக முடியாதவர்கள். பேச்சில் கணக்கு எப்போதும் ஆயிரத்தில் இருக்கும். “இன்னிக்கு ஆயிரம் ஆச்சாக்கா?” “எங்க, புள்ளைக்குக் காய்ச்சல், அறநூறுதான்.” இலை மட்டமாக வந்தால் ஓட்டை இலையைக் கழித்துவிட்டு மீதியில் எண்ணிக்கையைக் கொண்டுவரணும், குறைந்தால் கூலியில் பிடிப்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை உட்கார்ந்து நுனியை மடக்கிக் கொடுக்கும். அந்தச் சின்ன விரல்களுக்கு அது விளையாட்டு மாதிரி தொடங்கும்.

முன்பணம் இருந்தால் அது விளையாட்டு இல்லை. 1996இல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியாவின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் வட ஆற்காட்டுப் பீடிச் சிறுவர்களும் வருகிறார்கள். கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் வாங்கிய சில நூறு, சில ஆயிரம் ரூபாய்க்காக ஏஜென்டிடம் விடப்பட்டவர்கள். விட்லி கமிஷன் எழுதி 65 வருஷம், 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்து 20 வருஷம் ஆகியிருந்தது.

அதே 1996 ஆகஸ்டில் இந்த வட்டாரத்தைப் பற்றி இன்னொரு ஆவணம் வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தோல் கழிவால் பாழான பாலாற்றுக்காக வந்த வழக்கு. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் வேலூரை அந்த வழக்கால்தான் அறிவார்கள். தோலுக்கும் ஒரு காலத்தில் வெளியூரில் பேர் இருந்தது. ஆவாரம்பட்டையில் பதப்படுத்தி லண்டன் சந்தைக்குப் போன தோலுக்கு ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்று பேர். 1970களில் அரசு அரைகுறையாகப் பதப்படுத்திய தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுசாகச் செய்த பொருளை ஊக்குவித்தது. இன்றைக்கு ஆம்பூரில் தைக்கும் ஷூ ஐரோப்பியக் கடைகளில் வேறு பேரில் நிற்கிறது. ஊர்ப்பேர் கரைந்த கதை இங்கே புதுசில்லை. ஆனால் ஷூ கம்பெனிக்கு ஒரு கேட் உண்டு, ஷிஃப்ட் உண்டு, பஸ்ஸில் பேசிக்கொண்டு போகும் பெண்கள் உண்டு. ஆற்றின் அழிவை எடுத்துக்கொண்டு போய் நிற்க ஒரு மன்றம் இருந்தது. வாசல்படியில் தனியாக உட்கார்ந்து சுற்றுகிற பெண்ணிடம் அப்படி எதுவும் இல்லை.

7

கட்டுரை இந்த இடத்துக்கு வந்ததும், ‘அப்போ திருச்சிச் சுருட்டை மீட்டெடுக்கணும், புவிசார் குறியீடு வாங்கணும்’ என்று ஒரு குரல் எழும். வாங்கட்டும். வேலூருக்கு முள்ளுக் கத்தரிக்காயால் குறியீடு கிடைத்தபோது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் புகையிலை கத்தரிக்காய் இல்லை. பச்சை இலை பறிக்கிறவருக்கு நிக்கோட்டின் தோல் வழியாக ஏறி வாந்தி மயக்கம் வரும். தூளோடு வாழ்கிறவருக்கு இருமல் வரும். வட ஆந்திரத்தில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் புகைக்கும் பெண்களுக்கு மேலண்ணத்தில் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதி வருகிறார்கள். இந்தப் புகை குறைய வேண்டிய புகைதான். அதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை.

குறையும்போது யார் கையிலிருந்து முதலில் போகும் என்பதுதான் கேள்வி. கியூபாவின் தோட்டத்துக்குப் பேர் இருக்கிறது. அது புயலில் அழிந்தால் உலகச் செய்தி. நிகராகுவாவின் எஸ்தெலியில் தொழிற்சாலை மூடினால் சிகார் பத்திரிகை எழுதும். குடியாத்தத்தில் ஏஜென்ட் ஒருநாள் “இனிமே இலை வராதும்மா” என்று சொல்லிவிட்டுப் போனால் அது எதிலும் வராது. அந்தப் பெண்ணுக்குப் பணிக்கொடை யார் தருவார், எந்தப் பதிவேட்டில் அவள் பேர் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். நல வாரிய அட்டை இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பேர் என்பது பெருமைக்காக மட்டும் இல்லை, இழப்பீடு கேட்கும்போதும் தேவைப்படுகிறது.

முப்பது வருஷம் பீடி சுற்றிய விரலைப் பார்த்திருக்கிறீர்களா? இலையின் சொரசொரப்பிலும் நூலின் இழுப்பிலும் ரேகை தேய்ந்து வழவழப்பாகிவிடும். ரேஷன் கடைக் கருவியில் அந்த விரலை வைத்தால் ஏற்காது. துடைத்துவிட்டு இன்னொரு விரல், அதுவும் ஏற்காது. பின்னால் வரிசை முணுமுணுக்கும். லண்டன் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, இது திருச்சிராப்பள்ளி என்று சொல்ல ஒரு கதாபாத்திரத்தால் முடிந்தது. சொந்த ஊர் ரேஷன் கடையில், கண்ணெதிரே நீட்டிய விரலைப் பார்த்து இது யார் என்று சொல்ல நம் கருவிக்குத் தெரியவில்லை.